நடுவர் தீர்ப்பு கையில் இருக்கிறது, பணம் வரவில்லை: அமெரிக்க நீதிமன்றத்தில் உறுதிசெய்து வாங்குவது கட்டாயமா?

கேள்வி: ஏற்றுமதிக் கணக்கர்

வணக்கம். எங்கள் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே பதிவு செய்யப்பட்டது. அமெரிக்க விநியோகஸ்தர் ஒருவருக்கு நான்கு ஆண்டுகள் இயந்திர உதிரிபாகங்கள் அனுப்பிவந்தோம். கடைசி ஏழு சரக்குகளுக்குப் பணம் வராததால், ஒப்பந்தத்தில் இருந்த ஆர்பிட்ரேஷன் பிரிவின்படி நியூயார்க்கில் ஒற்றை நடுவர் முன் சென்றோம். அசலும் அன்றுவரையிலான வட்டியும் செலவுமாக 6,40,000 டாலரும், பணம் கைக்கு வரும்வரை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியும் தர வேண்டும் என்று நடுவர் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு இரு தரப்புக்கும் வந்து சேர்ந்து நான்கரை மாதங்கள் ஆகின்றன.

எதிர்த்தரப்பு பணமும் தரவில்லை. தீர்ப்பை ரத்து செய்யக் கோரி எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. ஆனால் சென்ற வாரம் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தத்தின் தரப் பரிசோதனைப் பிரிவை நடுவர் தவறாகப் படித்துவிட்டார் என்றும், நாங்கள் நீதிமன்றத்துக்கு வந்தால் அங்கே அதை வாதிடுவோம் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். நடுவர் முன் தோற்ற வாதத்தை நீதிபதி முன் முதலிலிருந்து ஆரம்பிக்க முடியும் என்றால், இரண்டு ஆண்டு உழைப்பு வீண்தானா என்று எங்கள் இயக்குநர்கள் கேட்கிறார்கள். நீதிமன்றத்தின் உறுதிசெய்தல் ஆணை இல்லாமல் வசூலிக்க வழி உண்டா, அதற்குக் காலக்கெடு என்ன, வழக்கின் விவரங்கள் வெளியே தெரிந்துவிடுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: பழைய வழக்குரைஞர்

உங்கள் இயக்குநர்களின் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கடிதத்தில் இருக்கும் வாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் எடுபடுவது மிக அரிது. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடுவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஆனால் வங்கிக் கணக்கை முடக்கவோ சொத்தைப் பற்றுகை செய்யவோ நடுவருக்கு அதிகாரம் கிடையாது. இறுதித் தீர்ப்பை வழங்கியதோடு அவருடைய பணி முடிந்துவிடுகிறது. ஆகவே, தோற்றவர் தாமாகப் பணம் தராதபோது, நடுவர் தீர்ப்பை ஒரு நீதிமன்றத் தீர்ப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். 1925ஆம் ஆண்டின் கூட்டாட்சி நடுவர் சட்டம் இதற்கு வழி வகுக்கிறது. அதன் 9ஆம் பிரிவு உறுதிசெய்யும் ஆணையைப் பற்றியது. அந்த ஆணையின்பேரில் பதிவாகும் தீர்ப்புக்கு மற்ற எந்த நீதிமன்றத் தீர்ப்புக்கும் உள்ள அதே வலிமை உண்டு என்கிறது 13ஆம் பிரிவு. இந்தியாவின் 1940ஆம் ஆண்டு நடுவர் சட்டத்திலும் இதைப் போன்ற ஒரு படி இருந்தது; 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டு, ரத்து மனுவுக்கான காலம் கழிந்ததும் நடுவர் தீர்ப்பையே நீதிமன்றத் தீர்ப்பாணை போல நேரடியாக நிறைவேற்றலாம் என்றது. அந்த ஏற்பாட்டில் பழகியவர்கள் அமெரிக்காவில் இன்னும் ஒரு படி ஏற வேண்டியிருப்பதை மறந்துவிடுவது உண்டு.

அந்தப் படி உயரமானது அல்ல. உறுதிசெய்தல் என்பது சுருக்க நடவடிக்கை என்றும், ஏற்கெனவே இறுதியான ஒன்றை நீதிமன்றத் தீர்ப்பாக்குவது மட்டுமே அங்கே நடக்கிறது என்றும் நியூயார்க் உள்ளிட்ட பகுதிக்கான இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984இல் ஃப்ளோராசிந்த் வழக்கில் கூறியது. சாட்சி விசாரணை கிடையாது. நடுவர் முன் வைத்த கணக்குகளை மறுபடியும் நிரூபிக்க வேண்டியதில்லை. ரத்து செய்யவோ திருத்தவோ காரணம் இல்லையென்றால் நீதிமன்றம் உறுதிசெய்தே தீர வேண்டும்.

ரத்துக்கான காரணங்கள் 10ஆம் பிரிவில் இருக்கின்றன. தீர்ப்பு ஊழலாலோ மோசடியாலோ பெறப்பட்டிருக்க வேண்டும். அல்லது நடுவர் வெளிப்படையாக ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அல்லது முக்கியமான சாட்சியத்தைக் கேட்க மறுப்பது போன்ற முறைகேடு நடந்திருக்க வேண்டும். அல்லது அவர் தமக்குத் தரப்பட்ட அதிகாரத்தை மீறியிருக்க வேண்டும். இந்தப் பட்டியலை இரு தரப்பும் சேர்ந்து ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால்கூட நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஹால் ஸ்ட்ரீட் வழக்கில் தீர்த்தது. ஒப்பந்தத்தைத் தவறாகப் படித்துவிட்டார் என்பது பட்டியலில் இல்லை. அதனால் தோற்பவர்கள் அதையே அதிகார மீறல் என்று பெயர் மாற்றிக் கொண்டுவருவார்கள். அதற்கும் 2013இல் ஆக்ஸ்ஃபோர்டு ஹெல்த் வழக்கில் பதில் வந்துவிட்டது: நடுவர் ஒப்பந்தத்துக்குப் பொருள் கொள்ள முயன்றாரா என்பதே கேள்வி, சரியாகப் பொருள் கொண்டாரா என்பது அல்ல. நல்லதோ கெட்டதோ அவலட்சணமோ, அவர் கொண்ட பொருளே நிற்கும் என்று நீதிபதி எலீனா கேகன் அதில் எழுதினார். சட்டத்தை அறிந்தும் வேண்டுமென்றே புறக்கணித்தார் என்ற வாதத்துக்கு இரண்டாம் வட்டாரத்தில் இன்னும் சிறிது இடம் இருக்கிறது. அதில் வென்றவர்கள் மிகக் குறைவு.

இன்னொன்று உங்களுக்குச் சாதகமானது. ரத்துக் கோரும் மனுவின் அறிவிப்பைத் தீர்ப்பு வழங்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் எதிர்த்தரப்புக்குச் சார்வு செய்துவிட வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. மனுவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால் போதாது, உங்கள் கைக்கு அறிவிப்பு வந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தைத் தவறவிட்டவர், பின்னர் வென்றவர் உறுதிசெய்யக் கோரும்போது அதே காரணங்களை எதிர்வாதமாகக்கூட எழுப்ப முடியாது என்பதே ஃப்ளோராசிந்த் வழக்கின் மையம். நான்கரை மாதம் சும்மா இருந்தவர்கள் இப்போது கடிதம் எழுதுவதில் எனக்கு வியப்பில்லை. கடிதத்துக்குக் காலக்கெடு இல்லையே.

நீங்கள் மட்டும் காலத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். 9ஆம் பிரிவின்படி ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அந்தப் பிரிவில் மனு செய்யலாம் என்ற சொல் இருப்பதைக் காட்டி, நான்காம், எட்டாம் வட்டார நீதிமன்றங்கள் ஓராண்டு கட்டாயமல்ல என்றன. இரண்டாம் வட்டாரம் 2003இல் ஃபோட்டோபெயின்ட் வழக்கில் கட்டாயம்தான் என்றது. உங்கள் வழக்கு அந்த வட்டாரத்தில் இருக்கிறது.

பதில்: உடன்படிக்கை வாசகர்

மேலே எழுதியவர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஓராண்டு என்பதை மட்டும் திருத்த வேண்டும். கேள்வி கேட்டவரின் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பது. தீர்ப்பு நியூயார்க்கில் தரப்பட்டாலும், வெளிநாட்டுத் தரப்பு ஒன்று சம்பந்தப்பட்ட வணிகத் தகராறு என்பதால் அது, பிற நாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவது பற்றிய 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கைக்குள் வருகிறது. அமெரிக்க மண்ணில் தரப்பட்ட தீர்ப்பும் உள்நாட்டுத் தீர்ப்பாகக் கருதப்படாமல் போகலாம் என்பதை இரண்டாம் வட்டாரம் 1983இல் பெர்கசன் வழக்கிலேயே சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட தீர்ப்புகளுக்குச் சட்டத்தின் இரண்டாம் அத்தியாயம் பொருந்தும். அதன் 207ஆம் பிரிவு மூன்று ஆண்டுகள் தருகிறது.

இந்த அத்தியாயத்தால் இன்னும் இரண்டு தொல்லைகள் தீர்கின்றன. முதலாவது, 9ஆம் பிரிவின்படி செல்வதென்றால், நடுவர் தீர்ப்பின்மேல் நீதிமன்றத் தீர்ப்புப் பதிவு செய்யலாம் என்று இரு தரப்பும் முன்பே இசைந்திருக்க வேண்டும். அந்த வாக்கியம் ஒப்பந்தத்தில் விடுபட்டுப்போய்த் திண்டாடியவர்கள் உண்டு. உடன்படிக்கைத் தீர்ப்புக்கு அந்த இசைவு தேவையில்லை என்று 2004இல் ஃபீனிக்ஸ் வழக்கில் முடிவானது. இரண்டாவது, எந்த நீதிமன்றம் என்ற கேள்வி. நடுவர் சட்டம் தானாகவே கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பைத் தருவதில்லை. அடிப்படைத் தகராறு கூட்டாட்சிச் சட்டம் பற்றியது என்று காட்டி உறுதிசெய்யும் மனுவைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குள் கொண்டுவர முடியாது, மனுவின் முகப்பிலேயே அதிகார வரம்பு தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் பேட்ஜரோ வழக்கில் சொன்ன பிறகு, அமெரிக்க நிறுவனங்களுக்கு இடையிலான பல தீர்ப்புகள் மாநில நீதிமன்றங்களுக்குப் போக வேண்டியதாயிற்று. உடன்படிக்கைத் தீர்ப்புக்கு 203ஆம் பிரிவே கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் கதவைத் திறந்துவிடுகிறது; தொகை எவ்வளவு என்ற கேள்வியும் எழாது.

ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். 207ஆம் பிரிவின்படி நீங்கள் மனு செய்யும்போது, உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்பில் உள்ள மறுப்புக் காரணங்களை எதிர்த்தரப்பு எடுத்துவைக்கலாம்: தமக்கு முறையான அறிவிப்பு வரவில்லை, வாதிட வாய்ப்புத் தரப்படவில்லை, ஒப்படைக்கப்படாத விஷயத்தில் நடுவர் தீர்ப்பளித்தார், தீர்ப்பு பொதுக் கொள்கைக்கு முரணானது என்பவை அவற்றில் சில. மூன்று மாதக் கெடு முடிந்ததாலேயே அவர்களுடைய வாய் முழுவதும் அடைபட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டு உங்கள் மனுவை மெலிதாக எழுதிவிடாதீர்கள். ஆனால் அந்த உறுப்பை எத்தனை முறை படித்தாலும், நடுவர் ஒப்பந்தத்தைத் தவறாகப் படித்தார் என்ற காரணம் அதில் கிடைக்காது.

எதிர்த்தரப்புக்கு வேறு நாடுகளில் சொத்து இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நடுவர் தீர்ப்புகள் பற்றி இதற்கு முன்பிருந்த 1927ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்கீழ், தீர்ப்பு தரப்பட்ட நாட்டில் அது இறுதியாகிவிட்டது என்று வென்றவர் காட்ட வேண்டியிருந்தது. நடைமுறையில் அங்கே ஓர் ஆணை, சொத்து உள்ள நாட்டில் இன்னோர் ஆணை என்று இரட்டை ஏற்பு வாங்க வேண்டியதாயிற்று. 1958இல் அதை ஒழிக்கவே, தீர்ப்பு கட்டுப்படுத்துவதாக இருந்தால் போதும் என்று எழுதினார்கள். எனவே 170க்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகளில் எதில் சொத்து இருந்தாலும், அமெரிக்க நீதிமன்றத்தின் உறுதிசெய்தலுக்குக் காத்திராமல் நடுவர் தீர்ப்பை நேரே அங்கே கொண்டுபோகலாம்.

பதில்: பழைய வழக்குரைஞர்

திருத்தத்துக்கு நன்றி, அது சரியானதே. கேள்வியில் வெளிநாட்டு நிறுவனம் என்று தெளிவாக எழுதியிருந்தும் கை பழக்கத்தில் 9ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. இருந்தாலும் ஓராண்டுக்குள் முடித்துவிடுங்கள் என்ற என் ஆலோசனையை மாற்றிக்கொள்ள மாட்டேன். உடன்படிக்கை பொருந்துமா என்பதே ஒரு வாதமாகக் கிளம்பினால், ஓராண்டுக்குள் போனவருக்கு அந்த வாதம் பொருட்டில்லை. மூன்று ஆண்டுகள் காத்திருந்தால் எதிர்த்தரப்பின் கணக்கில் பணம் மிஞ்சியிருக்குமா என்பது வேறு கேள்வி.

பதில்: நிறுவனச் செயலர்

சட்டத்தை மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் வழக்குரைஞர் அல்ல. இதே பாதையில் ஒருமுறை நடந்த நிறுவனத்தில் கோப்புகளைக் கவனித்தவன்.

இரகசியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடுவர் விசாரணை மூடிய அறைக்குள் நடந்திருக்கலாம். ஆனால் உறுதிசெய்யும் மனுவோடு தீர்ப்பின் நகலை இணைக்கும்போது அது நீதிமன்றப் பொது ஆவணமாகிவிடும். இரு தரப்பும் இரகசியம் காக்க ஒப்புக்கொண்டோம் என்பதை மட்டும் காரணமாகக் காட்டி, வெளியார் பார்க்க முடியாதபடி ஆவணத்தை முத்திரையிட்டு வைக்கச் சொன்னால் அமெரிக்க நீதிபதிகள் எளிதில் இசைவதில்லை. வணிக இரகசியம் உள்ள பத்திகளை மட்டும் மறைக்கக் கேட்பது பலன் தரக்கூடும். எங்களுக்கு இந்த வெளிச்சமே உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். தீர்ப்பு வந்து ஆறு மாதம் பதில் எழுதாதவர்கள், மனு தாக்கலாகி மூன்றாவது வாரம் தவணை பேச வந்தார்கள். தங்கள் வங்கி அந்தத் தீர்ப்பைப் படிப்பதை அவர்கள் விரும்பவில்லை.

அந்த வழக்கில் நாங்கள் செய்த பிழை ஒன்றும் உண்டு. தீர்ப்பின் அட்டவணையில் ஒரு விலைப்பட்டியலின் தொகை விடுபட்டுக் கூட்டல் தவறியிருந்தது. வெளிப்படையான கணக்குப் பிழையைத் திருத்த 11ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதற்கும் அதே மூன்று மாதக் கெடு உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. வெற்றி பெற்றவருக்கு எதற்குக் கெடு என்ற நினைப்பில் இருந்துவிட்டோம். உறுதிசெய்யும் மனுவைத் தயாரிக்கும்போதுதான் பிழை கண்ணில் பட்டது, அப்போது காலம் கடந்துவிட்டது. அந்தத் தொகை போனது போனதுதான். உங்களுக்கும் மூன்று மாதம் கடந்துவிட்டதால் இது பயன்படாமல் போகலாம். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும்.

கேள்வி கேட்டவர்: ஏற்றுமதிக் கணக்கர்

மூவருக்கும் நன்றி. கூட்டலைச் சரிபார்த்துவிட்டேன், பிழை இல்லை. இன்னும் ஒரு சந்தேகம். எதிர்த்தரப்பின் அலுவலகம் நியூயார்க்கில் இருந்தாலும், கிடங்கும் பெரும்பாலான சரக்கும் கலிபோர்னியாவில் இருக்கின்றன. அங்கே தனியாக ஒரு வழக்குப் போட வேண்டுமா? நடுவர் கொடுத்த 10 சதவீத வட்டி, நீதிமன்ற ஆணைக்குப் பிறகும் ஓடுமா?

பதில்: பழைய வழக்குரைஞர்

தனி வழக்கு வேண்டாம். நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்பு பதிவானதும் 30 நாள்களுக்கு நிறைவேற்றம் தானாகவே நின்றிருக்கும். மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்த பிறகு, அல்லது தக்க காரணம் காட்டி நீதிமன்ற அனுமதியோடு அதற்கு முன்பே, அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிவானால் அது அந்த நீதிமன்றமே தந்த தீர்ப்பைப் போல நிறைவேறும். சொத்து எங்கே இருக்கிறது என்று எதிர்த்தரப்பையும் அவர்களுடைய வங்கியையும் எழுத்து மூலம் கேட்டு விவரம் பெறும் உரிமையும் அப்போது கிடைக்கும். உறுதிசெய்தலின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும்.

வட்டி விஷயத்தில் கவனம் தேவை. நீதிமன்றத் தீர்ப்பு பதிவாகும் நாள்வரை நடுவர் கொடுத்த 10 சதவீதம் ஓடும். அதன் பிறகு நடுவர் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குள் கரைந்துவிட்டதாகக் கொள்ளப்படுவதால், பொதுவாகக் கூட்டாட்சிச் சட்டம் சொல்லும் வட்டிதான் கிடைக்கும். தீர்ப்பு நாளுக்கு முந்தைய வாரத்தில் ஓராண்டு அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களுக்கு இருந்த சராசரி வருவாய் வீதமே அந்த வட்டி. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் இன்ன வீதமே பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தால் மட்டுமே அந்த வீதத்தைத் தொடரலாம் என்பது இரண்டாம் வட்டாரத்தின் நிலை. பணம் கைக்கு வரும்வரை என்று நடுவர் எழுதிய சொற்கள் அதற்குப் போதாமல் போகலாம். எனவே உங்கள் ஒப்பந்தத்தின் வட்டிப் பிரிவை வரிக்கு வரி படித்துப் பாருங்கள். வட்டி குறைந்துவிடுமே என்று மனுவைத் தள்ளிப்போடச் சிலருக்குத் தோன்றும். வட்டி கணக்கில் ஏறும், கிடங்கு ஒருநாள் காலியாகும்.

பதில்: உடன்படிக்கை வாசகர்

ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மனுவோடு ஒப்பந்தமும் தீர்ப்பும் வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தீர்ப்பைப் பதிவு செய்ய வரும்போது, நடுவர் நியமிக்கப்பட்டதற்கான ஆவணத்தையும், தீர்ப்பளிக்கும் காலத்தை எழுத்து மூலம் நீட்டித்திருந்தால் அந்த நீட்டிப்புகள் ஒவ்வொன்றையும் 13ஆம் பிரிவு கேட்கிறது. இந்த நீட்டிப்புக் கடிதங்கள்தான் பெரும்பாலும் காணாமல் போகின்றன. உங்கள் வழக்கில் நடுவர் காலநீட்டிப்பு வாங்கினாரா?

கேள்வி கேட்டவர்: ஏற்றுமதிக் கணக்கர்

இரண்டு முறை, இரண்டும் மின்னஞ்சலில். ஒன்று என்னிடம் இருக்கிறது. மற்றொன்று வேலையை விட்டுப் போன எங்கள் மேலாளரின் பெயருக்கு வந்தது. அந்த அஞ்சல் கணக்கை மீட்டுத் தரச் சொல்லி இன்று எழுதிவிட்டேன். கிடைத்ததும் எல்லாவற்றையும் நியூயார்க் வழக்குரைஞருக்கு அனுப்பி, இந்த மாதமே மனுவைத் தாக்கல் செய்யச் சொல்கிறேன்.